இரண்டாம் மேசையின் வாட்டம்

அன்றைக்குத் தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைச் சைட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வண்டிப் பெட்டியில் கிடந்தது. அதுதான் வினை.

எனக்கு டைல்ஸ் வேலை. பத்தொன்பது வருடமாகக் குனிந்தே பிழைக்கிறவன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்களின் முகத்துக்கு முன்னால் தரையைத்தான் பார்ப்பேன். எந்தக் கல் தூக்கி நிற்கிறது, எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று கண் தானாகப் போய் நிற்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே பாடுதான். "சாப்பிட வந்தியளா, அளவெடுக்க வந்தியளா" என்பாள் வீட்டுக்காரி. அப்படிப்பட்ட நான், சாயங்காலமானால் மூன்று நூல் சாய்ந்து கிடக்கும் ஒரு பூல் மேசையில் ஸ்டிக்கால் பந்து தட்டப் போவேன். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. எட்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கருங்கலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டை விட்டு இறங்கினால் வாழைத்தோட்டத்து ஓரமாக ஒரு மண் பாதை. இடவப்பாதிப் பருவமழையில் அதில் நடக்க வேண்டுமென்றால் செருப்பு கையில் வந்துவிடும். பாதை முடிகிற இடத்தில் ஒட்டினாற்போல இரண்டு கொட்டகை. இடது பக்கம் இருப்பது பார். வலது பக்கம் இருப்பது பூல் கொட்டகை. இரண்டுக்கும் பெயர்ப் பலகை கிடையாது. தெரிந்தவன் வருவான், தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை.

பார் என்றதும் மங்கலான விளக்கு, மெத்தை நாற்காலி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமென்ட் தரை, பிளாஸ்டிக் மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கால் மட்டும் ஊனம். தரையில் பூட்டியதுபோல ஒரு பெரிய பீடஸ்டல் ஃபேன். அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் நிலக்கடலைத் தோலைக் கையால் மூட வேண்டும். சரக்கை வெளியே அரசுக் கடையில் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பார் எடுத்தவர் விற்பது தண்ணீர், கிளாஸ், தின்பண்டம். முன்பெல்லாம் காலி பாட்டிலும் அவருக்குத்தான். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் தின்பண்டத்தைக் குறை சொல்ல முடியாது. ரோட்டோரத்துப் பெரிய ஹோட்டல்களில் கிடைக்காத மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, இங்கே கிடைக்கும். பக்கத்து வளைவில் இருக்கிற ஓர் அக்கா வீட்டிலேயே அவித்து, மூடி போட்ட அலுமினியப் பாத்திரத்தில் கொடுத்து விடுவார். கூடவே காந்தாரி மிளகாய் அரைத்த துவையல். சாளை கிடைத்த நாளில் மீன்கறி. அக்கா ஒருநாளும் பாருக்குள் வந்ததில்லை. அவர் பையன் சைக்கிளில் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தின நாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கிழங்கு ஆறரைக்கு வரும், ஏழேகாலுக்குத் தீரும். ஏழரைக்கு வருகிறவனுக்கு அவித்த முட்டைதான் விதி.

கை கழுவுகிற இடத்துச் சுவர் மட்டும் நான் செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தபோது மிச்சம் கிடந்த கல்லையெல்லாம் கொண்டுவந்து ஒட்டினேன். மேல் வரிசை ஒரு கல்யாண மண்டபத்துச் சமையலறைக் கல். அதன் கீழே ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறைக்கு வாங்கி, அவர் மனைவிக்கு நிறம் பிடிக்காமல் ஒதுக்கிய நீலம். அப்புறம் ஒரு பாதிரியார் வீட்டுத் திண்ணைக் கல் நாலு. நடுவில் ஒரே ஒரு பூப்போட்ட கல் உண்டு. அது என் சொந்த வீட்டு அடுக்களையில் மிஞ்சியது. கை கழுவும்போது அதைப் பார்த்தால் வீட்டு ஞாபகம் வந்துவிடும். அதனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கழுவுவேன்.

*

பூல் கொட்டகைக்கு வருகிறேன். அது முதலில் தேங்காய்க் கொட்டகை. உடைமைக்காரரை நாங்கள் பஹ்ரைன் அண்ணன் என்போம். பதினேழு வருடம் அங்கே ஒரு ஹோட்டலில் ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்தில் இரண்டு பூல் மேசை இருந்ததாம். டூட்டி முடிந்தபிறகு கற்றுக்கொண்டதாகச் சொல்வார். ஊருக்கு வந்தபிறகு கொப்பரை வியாபாரம் சரிப்படவில்லை. திருவனந்தபுரத்தில் மூடப்போகிற ஓர் இடத்தில் இரண்டு பழைய மேசை விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு லாரி பிடித்துக்கொண்டு போனார். எட்டடி மேசை. விளையாடுகிற இடம் எண்பத்தெட்டுக்கு நாற்பத்துநாலு இஞ்ச். பச்சைத் துணிக்கு அடியில் மூன்று துண்டாக ஸ்லேட் கல். அதை இறக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கடப்பாக் கல் எத்தனையோ தூக்கியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு இடுப்பு கேட்டது.

முதல் மூன்று நாலு வருடம் அங்கே வந்ததெல்லாம் பையன்மார்தான். அரைமணி நேரத்துக்கு முப்பது ரூபாய். சாயங்காலம் டியூஷனுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வருகிற கூட்டம். பார் அப்போது அங்கே இல்லை. மெயின் ரோட்டு முக்கில் இருந்தது.

அதை இங்கே கொண்டுவந்து தள்ளியது உச்ச நீதிமன்றம். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் அமல். சின்ன ஊர்களுக்கு அந்தத் தூரத்தை 220 மீட்டராகக் குறைத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இது ஒரு வேடிக்கையான கணக்கு. ஒரு வீட்டுக் கொல்லையில் நின்று கல்லெறிந்தால் அடுத்த வீட்டுக் கிணற்றில் விழும். அவ்வளவு நெருக்கம். ரோடு இல்லாத இடம் வேண்டுமென்றால் வீடு இருக்கும், வீடு இல்லாத இடம் வேண்டுமென்றால் கோயிலோ சர்ச்சோ பள்ளிக்கூடமோ இருக்கும். எத்தனை ஊரில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். அவர்கள் மறித்தது நியாயம், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். கடைசியில் வாழைத்தோட்டத்துக்குள் ஒதுங்கிய இந்த மூலைக்குக் கடை வந்து சேர்ந்தது. பின்னாலேயே பாரும் வந்து, பஹ்ரைன் அண்ணனின் சுவரையே தனக்கும் ஒரு பக்கச் சுவராக வைத்துக் கட்டிக்கொண்டது.

அண்ணன் முதலில் தலையில் கை வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் பையன்களை மறுநாளே நிறுத்திவிட்டார். "எனக்கும் பிள்ளைய இருக்குடே" என்றார். ஒரு மாதம் மேசைகள் தார்ப்பாய் மூடிக் கிடந்தன. அப்புறம் ஒருநாள் பாரிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் வந்தது.

அந்த ஜன்னல்தான் அந்த இடத்துக்கே உயிர். கம்பி கிடையாது. அகலமான கருங்கல் படி வைத்தது. பூல் கொட்டகைக்குள் கிளாஸ் வரக் கூடாது என்பது அண்ணனின் சட்டம். துணியில் ஒரு சொட்டு விழுந்தால் ஐந்நூறு ரூபாய். அதனால் கிளாஸ் ஜன்னல் படியில் நிற்கும், ஆள் இந்தப் பக்கம் நிற்பான். தன் முறை வரும்போது ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போவான். முடிந்ததும் ஜன்னலுக்கு வந்து ஒரு மடக்கு. யாருடைய கிளாஸ் எது என்பதில் இத்தனை வருடத்தில் ஒரே ஒருமுறைதான் தகராறு வந்திருக்கிறது. அதுவும் தண்ணீர் கிளாஸுக்கு.

*

ஆட்டம் எட்டாம் பந்து ஆட்டம்தான். ஒன்றிலிருந்து ஏழு வரை முழு நிறம், ஒன்பதிலிருந்து பதினைந்து வரை கோடு போட்டது. தன் ஏழையும் பாக்கெட்டுக்குள் போட்டுவிட்டுக் கடைசியில் எட்டாம் பந்தான கறுப்பைப் போட வேண்டும். தோற்றவன் மேசைக் காசு கொடுக்க வேண்டும், ஜெயித்தவன் அடுத்த ஆட்டத்துக்கும் நிற்க வேண்டும். பந்தயம் ஒரு முட்டைக்கு மேல் போகக் கூடாது. இதுவும் அண்ணனின் சட்டம்தான். பஹ்ரைனில் சம்பளத்தையே மேசையில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறாராம்.

முதல் மேசை வாசல் பக்கம். நேரான மேசை, ஆனால் துணி கிழிந்து ஒட்டுப் போட்டது. இரண்டாம் மேசை உள்ளே, தென்மேற்கு மூலையை ஒட்டி. கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும் என்பது வாஸ்து. வீடு கட்டுகிற ஒவ்வொரு சைட்டிலும் இதைச் சொல்லி என் உயிரை எடுப்பார்கள். இங்கே கன்னி மூலைதான் தாழ்ந்தது. காரணம் எனக்குத் தெரியும். அந்த மூலையில் பண்டு கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, ஊறப்போடுகிற குழி இருந்தது. அதை மண் போட்டு மூடி மேலே சிமென்ட் இழுத்திருக்கிறார்கள். திம்ஸ் கட்டையால் இடித்து இறுக்கவில்லை. அந்தத் தரை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மேசையும் கூடவே இறங்கும்.

வாட்டம் என்பது எங்கள் தொழிலில் நல்ல வார்த்தை. குளியலறைக்கு வாட்டம் சரியாக விடத் தெரிந்தவன்தான் வேலைக்காரன். தண்ணீர் தானாக மூலைக்கு ஓட வேண்டும், ஆனால் நிற்கிற காலுக்குச் சாய்வு தெரியக் கூடாது. இரண்டாம் மேசையும் அப்படித்தான். பார்த்தால் தெரியாது. வேகமாக அடித்தாலும் தெரியாது. மெல்லத் தட்டினால்தான் தெரியும். பந்து நேராகப் போகிறதுபோலப் போய், வேகம் செத்தபிறகு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல மெல்லக் கன்னி மூலைப் பக்கம் திரும்பும். அந்தக் கடைசி ஒரு சாண் தூரத்தைப் படித்தவனுக்குத்தான் ஆட்டம்.

நன்றாகப் படித்தவர் பால்வெட்டு மாமா. அறுபத்தைந்து வயது இருக்கும். விடிவதற்கு முன் மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்துக்குப் போகிறவர். அதனால் ராத்திரி ஏழரைக்கு மேல் நிற்க மாட்டார். ஒரு கட்டிங் மட்டும், அதையும் ஜன்னல் படியில் வைத்து ஒன்றரை மணி நேரம் குடிப்பார். ஒருநாளும் பந்தை ஓங்கி அடித்ததில்லை. மணிக்கட்டு மட்டும் லேசாக அசையும், மரத்தில் பட்டையைச் சீவுகிறபோது அசைகிற மாதிரியே. எப்படி மாமா இந்த வாட்டம் பிடிபட்டது என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒட்டுமரத்துக்கு முப்பது டிகிரி சரிச்சு வெட்டணும் மக்கா. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. சரிவு இல்லைன்னா பால் எப்படி சிரட்டைக்கு ஓடும்? நேரா இருக்கப்பட்ட எதுலயும் ஒண்ணும் ஓடாது, கேட்டியா."

மேசையைச் சுற்றியுள்ள குஷன் ரப்பர் என்று அவரிடம் சொன்னது நான்தான். முந்தி துணியையும் குதிரை மயிரையும் அடைத்துத்தான் விளிம்பு கட்டினார்கள். 1840களில்தான் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பர் வந்தது. அதற்கு முன் போட்ட பச்சை ரப்பர் குளிரில் விறைத்துப் பந்து எழும்பாதாம். மாமா குஷனை நகத்தால் அமுக்கிப் பார்த்தார். "நம்ம பாலுதானா" என்றார். அன்று முதல் குஷனில் பட்டுத் திரும்புகிற பந்தைத் தன் சொந்தக்காரன்போலப் பார்ப்பார். உள்ளே விழாவிட்டால் ரப்பரைத்தான் திட்டுவார்: "கள்ளப் பய, ஒட்டுப்பால கலந்திருக்கான்."

இன்னொருவர் தூத்தூர்க்காரர். ஆழ்கடலுக்குத் தங்கல் போகிற போட்டில் வேலை. அரபிக்கடலில் இருபது நாள், ஒரு மாதம் என்று கிடந்துவிட்டு வருவார். வருடம் முழுக்கத் தென்பட மாட்டார். ஜூன் 1-ம் தேதி மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை தொடங்கினால் 61 நாளும் எங்களோடுதான். அவர் மேசைக்குக் குனிகிறபோது இரண்டு காலையும் அகலமாக வைத்து, முழங்காலை லேசாக மடக்கி நிற்பார். தளம் ஆடும் என்று எதிர்பார்த்து நிற்கிற நிலை அது. ஆடுகிற தரையிலேயே நடந்தவருக்கு மூன்று நூல் சாய்வு ஒரு சாய்வா? முதல் நாளே பிடித்துவிட்டார்.

மழைக்காலத்தில் வேறு கதை. துணி ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும். பந்து சேற்றில் மாடு நடக்கிற மாதிரி நடக்கும். அண்ணன் மேசைக்கு அடியில் பழைய நூறு வாட் குண்டு பல்பு இரண்டைத் தொங்கவிட்டு, மத்தியானம் முதலே எரியவிடுவார். கோழிக் குஞ்சுக்குப் போடுகிற சூடு. உலகப் போட்டிகளிலேயே மேசைக்கு அடியில் சூடு கொடுப்பார்கள் என்று அவர் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். பிறகு விசாரித்தால், ஸ்னூக்கர் போட்டிகளில் அப்படித்தானாம். ஸ்னூக்கரே 1875-ல் நம் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் மழைக்குப் பயந்து உள்ளே முடங்கிக் கிடந்தபோது பிறந்த ஆட்டம். அப்புறம் 1882-ல் அதற்கு ஊட்டி கிளப்பில் சட்டம் எழுதினார்கள். மழையும் மேசையும் அப்போதிருந்தே சேர்த்தி.

*

சரி, வினைக்கு வருகிறேன்.

போன தை மாதம். பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்த என்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள் நாலு பேர். நல்ல ஆட்டக்காரர்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஒருவன் சொந்த ஸ்டிக்கை இரண்டாகக் கழற்றி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். முதல் மேசையில் எங்கள் எல்லோரையும் வரிசையாகத் துவைத்தான். இரண்டாம் மேசைக்கு வந்தான். பால்வெட்டு மாமாவிடம் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றான். மூன்றாவது ஆட்டத்தில் அவன் மெல்லத் தட்டிய கறுப்பு, சைடு பாக்கெட்டின் வாயில் வரைக்கும் போய் யோசித்து, திரும்பி நடந்தது.

அவன் தன் பந்தை மேசை நடுவில் வைத்துக் கையை எடுத்தான். பந்து நின்றது. ஒரு நொடி. அப்புறம் கிளம்பியது.

"அங்கிள், இது டேபிளா, சறுக்கு மரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பஹ்ரைன் அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த மேசை வியாபாரம் இல்லை. பதினேழு வருடத்தில் அவர் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே கௌரவம். முகம் சுண்டிப்போயிற்று. அவர் பார்வை சுற்றிக்கொண்டே வந்து என்மேல் நின்றது.

"எடே, உன் கையில ரசமட்டம் உண்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தொழில்காரனிடம் கருவி உண்டா என்று கேட்டால் வாய் தானாக உண்டு என்றுதான் சொல்லும்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினோம். ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தேன். குமிழ் ஒரேயடியாகக் கதவு மூலைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. நேர்கட்டையும் வைத்து அளந்தேன். நீளத்தில் மூன்று நூல், அகலத்தில் ஒன்றரை. காலில் உள்ள திருகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றியும் அசையவில்லை. பக்கத்து வீட்டு வேன் ஜாக்கியை வாங்கி, பலகை வைத்து, மேசையின் மூலையைத் தூக்கினேன். தூக்கும்போது ஸ்லேட்டின் இணைப்பு விட்டுவிடுமோ என்று உள்ளுக்குள் பதறியது. விடவில்லை. காலுக்கு அடியில் கறுப்பு கிரானைட் துண்டு ஒன்று, அதன்மேல் மெல்லியதாக இன்னொன்று. கடைசிக் கால் நூலுக்கு, பழைய ரம்மிச் சீட்டு மூன்று. இப்படிச் சீட்டு வைப்பது வெளிநாட்டு மேசைக்காரர்களும் செய்கிறதுதான், அண்ணன் போனில் காட்டினார். ஜாக்கியை இறக்கினேன். குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து அசையாமல் நின்றது.

அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அண்ணன் வெள்ளைப் பந்தை நடுவில் வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு குவார்ட்டர் வாங்கித் தர வந்தார். கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் கட்டன் சாயாவோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். ஸ்டிக்கை எடுத்தார். அதன் நுனியில் சாக்பீஸைத் தேய்த்தார். மெல்லத் தட்டினார். பந்து நேராகப் போய், நேராகவே நின்றது. பாக்கெட்டுக்கு நாலு விரல் தள்ளி. மாமா அது திரும்பும் என்று காத்துக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. அப்புறம் அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கிளாஸை ஒரே மடக்கில் முடித்தார். ஒன்றரை மணி நேரத்துக் கட்டிங். எனக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

வாரத்தில் ஐந்து நாள் வந்தவர், இரண்டு நாள் ஆனார். வந்தாலும் ஜன்னலோடு சரி, ஸ்டிக்கைத் தொடுவதில்லை. கேட்டால் தோள்பட்டை வலி என்பார். மரத்தில் மட்டும் வலிக்காத தோள்பட்டை. மற்றவர்களும் முதல் மேசைக்கு ஒதுங்கினார்கள். துணி கிழிந்திருந்தாலும் அந்தக் கிழிசல் எல்லோருக்கும் பழக்கமான கிழிசல். இரண்டாம் மேசையில் வெளியூர்ப் பையன்கள் ஆடினார்கள். வருமானம் கூடியது. அண்ணன் புதுத் துணி போடப்போவதாகச் சொன்னார். கிழங்கு மட்டும் ஏழேகாலுக்குத் தீராமல் எட்டு மணி வரை கிடந்தது. அந்தப் பையன்கள் கிழங்கு தின்ன மாட்டார்கள், சிப்ஸ் பாக்கெட்தான்.

ஜூன் பிறந்தது. தூத்தூர்க்காரர் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை, கள்ளப்பயல்கள். நேராக இரண்டாம் மேசைக்குப் போனார், காலை அகட்டி நின்றார், தட்டினார். பந்து போகவேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போயிற்று. மறுபடி தட்டினார். மறுபடியும் ஒரு விரற்கடை. ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, தரையில் முழங்கால் போட்டு மேசைக்கு அடியில் பார்த்தார். கிரானைட் துண்டைக் கையால் தடவினார்.

"எவன்டே இதுக்குச் செருப்பு போட்டது?"

பதினாலு கண்ணும் என்மேல்.

"தரைதான் மாமா தாழ்ந்து கிடந்தது..." என்று பால்வெட்டு மாமாவைப் பார்த்துச் சொன்னேன். அவர் வாசலுக்கு வெளியே வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

இந்த ஆடியில் மழை விடாமல் பெய்தது. பால் வெட்டு இல்லை, எனக்கும் சைட்டில் வேலை இல்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு மத்தியானம், கொட்டகையில் அண்ணனும் நானும் மட்டும். அண்ணன் குண்டு பல்பைப் போட்டுவிட்டு வந்து, "எடே, அந்த மேசை பின்னயும் ஒரு மாதிரியா இருக்கோ? அந்தக் குழலை வச்சுப் பாரு" என்றார்.

வைத்தேன். குழியில் போட்ட மண் மழைத் தண்ணீரைக் குடித்துத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. குமிழ் ஒரு கோட்டைத் தொட்டுக்கொண்டு கதவு மூலைப் பக்கமாக நின்றது. ஒரு நூல். ஒன்றேகால் என்றும் சொல்லலாம்.

அண்ணனுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் தெரியாது. கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது, சட்டை ஆணியில் தொங்கியது.

"சரியாத்தான் இருக்கு அண்ணே" என்றேன். ரசமட்டத்தை எடுத்துத் துடைத்து உறையில் போட்டேன்.

"மழைக்கு எனக்கு அப்படித் தோணுதாக்கும்" என்றார் அவர்.

சாயங்காலம் மாமா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். வழக்கம்போல ஜன்னலில் கிளாஸை வைத்தார். மாமா, ஒரே ஒரு ஆட்டம், முட்டைக்கு, என்று கெஞ்சினேன். தோள்பட்டை என்றார். நான் பந்தை அடுக்கி, ஸ்டிக்கை அவர் கையில் திணித்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தார். மூன்றாம் நம்பர் சிவப்புப் பந்து, மூலைப் பாக்கெட்டுக்கு. மணிக்கட்டு அசைந்தது. பந்து குஷனை ஒட்டி நடந்தது, வேகம் குறைந்தது, நிற்கப்போகிறது என்று நினைத்தபோது ஒரு நெல்லளவு திரும்பியது. இன்னும் கொஞ்சம். விளிம்பில் ஒரு நொடி நின்று உள்ளே விழுந்தது.

மாமா நிமிரவில்லை. அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுதுல்லா" என்றார்.

அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். அடுத்ததிலும். இரண்டு முட்டை என் கணக்கில் இன்னும் பாக்கி நிற்கிறது.